பிறையைப் படகுபோல் வரைந்தவனுக்கு ஏன் மதிப்பெண் இல்லை?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தின் ஒரு பக்கத்தில், வாரம் மூன்று நாள் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். சென்ற வாரம் ஒரு பையன் தன் அறிவியல் பயிற்சி ஏட்டை விரித்துக் காட்டினான். வளர்பிறையை வரையச் சொன்ன கேள்விக்கு, இரண்டு முனைகளும் மேலே பார்த்திருக்க, தோணி மிதப்பதுபோல் வரைந்திருந்தான். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், வலப்புறம் புடைத்து நிமிர்ந்து நிற்கும் பிறை ஒன்று திருத்தமாக வரையப்பட்டிருந்தது. பையன் அழிப்பானால் அழுத்தித் தேய்த்ததில் தாள் நைந்திருந்தாலும், பழைய தோணியின் அடிக்கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. ஏன் அப்படி வரைந்தாய் என்று கேட்டதற்கு, "எங்கள் வீட்டு வாசலில் அப்படித்தான் சார் தெரியும்" என்றான்.

அவன் கண்டது உண்மை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறோம். இங்கே சூரியன் அதிகம் சரியாமல், ஏறக்குறைய நேர்க்குத்தாக அடிவானத்துக்குள் இறங்குகிறது. மூன்றாம் பிறை அதற்கு மேலே நிற்கிறது. நிலவின் எந்தப் பக்கம் சூரியனைப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே ஒளிரும் என்பதால், நமக்கு அதன் அடிப்பக்கம் ஒளிர்கிறது. சில மாதங்களில் தோணி ஒரு பக்கமாகச் சற்றுச் சாயுமே தவிர, எழுந்து நிற்பதில்லை. லண்டனில் இருப்பவருக்குச் சூரியன் நன்றாகச் சரிந்து மறைவதால், பல மாதங்களில் பிறையும் நிமிர்ந்தே தெரியும். பாடப்படங்களில் உள்ள பிறை அத்தகைய வானத்தின் பிறை.

திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்குத் தரப்பட்ட விடையிலும் அந்தப் படம்தான் இருந்திருக்கும். பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போதே வானத்தைப் பற்றி ஒரு கணக்கைத் தாங்களாகப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அதில் எது வாசலில் நின்று பார்த்தது, எது பாட்டி சொன்னது, எது படத்தில் கண்டது என்று பிரித்தறியாமல் திருத்தத் தொடங்கினால், தவறோடு சேர்த்துச் சரியானதையும் அழித்துவிடுகிறோம் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகள் என்னென்ன சொல்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செம்பனைக்காடு எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண்டு இறுதித் தேர்வில் விடைப்பட்டியலில் உள்ளபடி எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும். வாசலில் ஒரு பிறை, புத்தகத்தில் ஒரு பிறை என்று இரண்டையும் கற்பித்தால் பத்து வயதுப் பிள்ளை குழம்பாதா? தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் சுமை போதாதா? தவிரவும், பிள்ளைகள் சொல்வதையெல்லாம் சரி என்று ஏற்கத் தொடங்கினால், நிலவில் பாட்டி வடை சுடுவதையும் ஏற்க வேண்டிவரும்.

இயற்பியல்வாத்தி எழுதியது:

செம்பனைக்காடு ஐயா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் குழப்பம் நம்மால் வருவதன்று. அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். நிலவு ஏன் தேய்கிறது என்று நான்காம் படிவத்தில் உள்ள பதினாறு வயது மாணவர்களைக் கேட்டால், பாதிக்கு மேற்பட்டோர் தயங்காமல் "பூமியின் நிழல் அதன்மேல் விழுகிறது" என்பார்கள். இவர்கள் தொடக்கப்பள்ளியில் பிறைகளைப் படித்து, சரியான படத்தை வரைந்து, முழு மதிப்பெண்ணும் வாங்கியவர்கள். படம் ஏட்டில் தங்கிவிட்டது. மனத்தில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இது நம் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள குறையன்று. ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டு, 1992இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பூமி உருண்டை என்று எல்லாரும் சொல்கிறார்கள். காலடி நிலமோ தட்டையாக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்யப் பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள். சிலர் பூமி அப்பளம்போல வட்டமான தட்டு என்றார்கள். சிலர் அது உள்ளீடற்ற பந்து, நாம் அதன் உள்ளே அடித்தளத்தில் நிற்கிறோம், மேல்பாதிதான் வானம் என்றார்கள். வேறு சிலர் பூமிகள் இரண்டு, ஒன்று நாம் நிற்பது, மற்றொன்று மேலே வானில் உருண்டையாக இருப்பது என்றார்கள். அதே குழுவினர் பின்னர் ஹைதராபாத்திலும் கேட்டபோது, பூமி நீரின்மேல் மிதக்கிறது என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். வீட்டில் கேட்ட புராணக் கதை அந்த இடைவெளியை நிரப்பியிருக்கிறது. இவற்றில் எதையும் சோம்பேறித்தனம் என்று தள்ள முடியாது. கண்டதையும் கேட்டதையும் பொருத்திப் பார்க்க அவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

நிழல் என்ற தவற்றுக்கு வருகிறேன். இதைச் சொற்களால் மாற்றுவது கடினம். வானத்தைக் காட்டினால் எளிது. அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில், மாலை நேரத்தில் பிள்ளைகள் திடலில் பந்து விளையாடும்போதே அரைநிலவு மேலே தெரியும். சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். நிலவு தலைக்குமேல் இருக்கும். பூமி நம் காலடியில் இருக்கிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில்தானே விழ முடியும்? அது எப்படித் தலைக்கு மேல் ஏறி நிலவை மறைக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். ஒருவன் சூரியனைப் பார்ப்பான், நிலவைப் பார்ப்பான், பிறகு தரையைப் பார்ப்பான்.

ஐந்தாம்ஆண்டுஅம்மா எழுதியது:

எங்கள் மகளும் நிழல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இயற்பியல்வாத்தி ஐயா சொன்னதைப் போன்ற ஒன்றை நானே செய்து பார்த்தேன். பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள், பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில், மேற்கு வானில் நிலவு வெளுத்துத் தெரிந்தது. கிழக்கே வெயில் அப்போதுதான் மரத்துக்கு மேல் வந்திருந்தது. சமையலறையில் இருந்த ஓர் எலுமிச்சம்பழத்தை அவள் கையில் கொடுத்து, கையை நீட்டி நிலவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பழத்தில் வெயில் பட்ட பகுதியும் நிலவில் ஒளிர்ந்த பகுதியும் ஒரே வடிவமாக இருந்தன. பழத்தின் கீழோரத்தில் மட்டும் மெல்லிய இருட்டு, நிலவிலும் அதே பக்கம் குறைந்திருந்தது. பள்ளிப் பேருந்து வந்து ஒலி எழுப்பும்வரை அவள் பழத்தைக் கீழே வைக்கவில்லை.

மற்றொரு சிக்கல் எங்கள் வீட்டில் தீராமல் இருக்கிறது. பள்ளியில் கோள்கள் 8 என்கிறார்கள். நான் படித்தபோது 9. கோயிலிலும் நவக்கிரகம் 9. "அப்படியானால் ஐயர் சொல்வதுதானே சரி?" என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பழையகிராணி எழுதியது:

அம்மா, இரண்டு ஒன்பதும் வேறு வேறு என்று முதலில் பிரித்துக் காட்டுங்கள். நீங்கள் படித்த ஒன்பதில் புளூட்டோ இருந்தது. 2006இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியதால் எட்டாயிற்று. கோயிலில் உள்ள ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்து கோள்கள் உண்டு. பூமி இல்லை, ஏனெனில் பார்ப்பவர் நிற்கும் இடமே அதுதான். யுரேனசும் நெப்டியூனும் தொலைநோக்கி வந்தபின் 1781இலும் 1846இலும் அறியப்பட்டவை. ஆகவே அந்தப் பட்டியல் வெறுங்கண்ணால் வானத்தைக் கவனித்தவர்களின் பட்டியல். கிரகம் என்ற சொல்லுக்கு அங்கே ஒரு பொருள், பாடநூலில் வேறு பொருள்.

எஞ்சியிருப்பவை ராகுவும் கேதுவும். இதைத்தான் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும் என்பேன். நிலவு பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நிகழ்ந்தால் மட்டுமே கிரகணம். மற்ற மாதங்களில் நிலவு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். அப்புள்ளிகளும் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, சுமார் 18.6 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்று முடிக்கின்றன. பஞ்சாங்கத்தில் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை ராகு கேது பெயர்ச்சி வருவது இதனால்தான். மாதந்தோறும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டால், பாம்புக்குப் பசிக்கவில்லை என்று என் பேரன் சொன்னான். கணக்கு தெரிந்த முன்னோர் அந்தப் பாம்பை எங்கே வைத்திருந்தார்கள் என்று அவனுக்குக் காட்டினேன்.

2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்தபோது, ஜொகூரின் தென்கோடியில் வளையமாகத் தெரிந்தது. நம் பக்கம் பகுதியளவுதான். எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பழைய தோட்ட அலுவலகத்தின் தகரக் கூரையில் ஆணி விழுந்த ஓட்டைகள் இருந்தன. வழக்கமாகத் தரையில் அவை வட்ட வட்டமாக வெயிலைக் காட்டும். அன்று ஒவ்வொரு வட்டமும் பிறையாகிவிட்டது. சிமெண்டுத் தரை முழுவதும் பிறைகள். சூரியனை நிமிர்ந்து பார்க்காமலே கிரகணம் முழுவதையும் கண்டேன். பிள்ளைகளும் காண முடிந்திருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

செம்பனைக்காடு எழுதியது:

கிராணி ஐயா சொன்ன பிறகு என் மகனிடம் ஒன்று கேட்டுப் பார்த்தேன். சூரியன் எப்போது தலைக்கு நேர்மேலே வரும் என்றதற்கு, "தினமும் 12 மணிக்கு" என்றான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதில் ஏதேனும் தவறு உண்டா?

பழையகிராணி எழுதியது:

இரண்டு தவறுகள் உண்டு; இரண்டிலும் அவனைக் குறை சொல்ல முடியாது. முதலாவது கடிகாரம். நம் கடிகாரம் 120 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. அக்கோடு மலேசியத் தீபகற்பத்தைத் தொடவே இல்லை. சுங்கை சிப்புட் 101 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 76 நிமிட வேறுபாடு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். வெயிலைப் பார்த்தே பொழுது சொன்ன ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கு அதன்பின், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டு நேரம் திடீரென்று இருட்டாகிப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரம் பழைய நேரத்தில்தான் பால் சுரந்தது. இரண்டாவது, "தினமும்" என்பது. இங்கே சூரியன் சரியாக உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறைதான்.

மாலைவகுப்பு எழுதியது:

அந்த இரண்டு நாள்கள் நம் ஊருக்கு ஏப்ரல் 2ஐயும் செப்டம்பர் 10ஐயும் ஒட்டி வருகின்றன. சென்ற ஏப்ரலில் மண்டபத்துக்கு வெளியே 1 மீட்டர் கம்பு ஒன்றைத் தூக்குநூல் பிடித்து நேராக நட்டோம். 12 மணிக்குக் கம்பின் நிழல் மேற்கு நோக்கி 36 சென்டிமீட்டர் இருந்தது. நிழல் இராது என்று பந்தயம் கட்டியிருந்த பையன், கம்பு சாய்ந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை நூலைப் பிடித்துப் பார்த்தான். அரைமணிக்கு ஒருமுறை நிழல் முனையில் ஒரு கல்லை வைத்தார்கள். 1 மணி 20 நிமிடத்துக்கு நிழல் கம்பின் அடிக்குள் ஒடுங்கிவிட்டது. பள்ளி முடிந்து வந்த மற்ற பிள்ளைகள் புத்தகப்பையைக் கழற்றாமலே சுற்றி நின்று, தங்கள் நிழலும் காலுக்கடியில் கிடப்பதைக் கண்டு குதித்தார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும் என்பதை நான் கரும்பலகையில் எழுதவே இல்லை. ஜூனில் அவர்களே வந்து சொன்னார்கள்.

செம்பனைக்காடு ஐயாவின் முதல் கேள்விக்கும் இதுவே என் விடை. பிள்ளைகள் சொல்வதையெல்லாம் சரி என்று நான் ஏற்பதில்லை. வெயில் நாட்களில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி உறுதியாகச் சொல்கிறாள். ரப்பர் மரம் இலை கொட்டிப் பால் குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் கடும் வெயிலை வைத்து அவள் அப்படிக் கணக்கிட்டிருக்கிறாள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில். மிகத் தொலைவு ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15 கோடியே 21 லட்சம். ஜனவரியில் ஐரோப்பா குளிரில் கிடக்க, ஆஸ்திரேலியாவில் கோடை. தொலைவே காரணமென்றால் இருவருக்கும் ஒரே பருவமாக அல்லவா இருக்க வேண்டும்? இதைக் கேட்டு அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்; இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நமக்கு ஆண்டு முழுவதும் பகல் நீளம் அரைமணி அளவுக்கே மாறுவதால், அச்சின் சாய்வு என்பது இங்கே கண்ணுக்குப் புலப்படாத செய்தியாகவே இருக்கிறது. கம்பு நிழல் ஒன்றுதான் பிடி கொடுக்கிறது.

இயற்பியல்வாத்தி எழுதியது:

பாடப்படங்கள் தரும் மற்றொரு தவறு அளவு. சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், நிலவுக்குப் போவது ஈப்போவுக்குப் போவதுபோல் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். மட்டையோடு உள்ள, 20 சென்டிமீட்டர் குறுக்களவுத் தேங்காய் ஒன்றைப் பூமி என்று வையுங்கள். நிலவு ஓர் எலுமிச்சை. அதை எங்கே வைப்பது என்று கேட்டால், எல்லாரும் தேங்காயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். உண்மையில் 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சூரியனோ 22 மீட்டர் அகலமுள்ள உருண்டை; அது சுமார் 2.35 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். கோயில் வாசலில் தேங்காயை வைத்துவிட்டு, சூரியன் எந்தத் தோட்டத்து எல்லையில் வரும் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லலாம். வண்டியில் போகும்போது நிலா கூடவே வருகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: செம்பனை வரிசைகள் பின்னே ஓட, 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது மட்டும் நகராததுபோல் தெரிகிறது.

விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்பதைப் பற்றியும் ஒரு சொல். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபார் 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை இப்போது பெற்றோராகிவிட்டது. அங்கே ஈர்ப்பு கிடையாது என்று அவர்களே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஈர்ப்பு இங்குள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அவர்கள் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழப் பூமியும் அடியில் வளைந்து விலகிக்கொண்டே இருக்கிறது. ஈர்ப்பு இல்லையென்றால் நிலவு ஏன் ஓடிப் போகவில்லை என்று கேட்டால், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம்ஆண்டுஅம்மா எழுதியது:

இதையெல்லாம் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் மலாய் மொழியில் படிக்கும்போது மறந்துவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு.

மாலைவகுப்பு எழுதியது:

அம்மா, கிரகணம் அங்கே கெர்ஹானா ஆகும், பௌர்ணமி புர்னாமா, பூமி பூமியாகவே இருக்கும். ஒரே வடமொழி வேரிலிருந்து இரு மொழிகளுக்கும் வந்த சொற்கள் இவை. இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் பயம் போய்விடும். நாள்காட்டியிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடந்து போகும் இரவில் நிலவு முழுமையாக இருப்பதும், தீபாவளி இரவில் நிலவே இல்லாததும் அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பிறைகளின் பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

செம்பனைக்காடு எழுதியது:

நேற்று மூன்றாம் பிறை. மகனை அழைத்துக்கொண்டு ஏழே முக்கால் மணிக்குத் திடலுக்குப் போனேன். மேற்கே மேகம் நிறைய இருந்தது. கால் மணி நேரம் நின்றபிறகு நடுவில் சற்று விலகிற்று. தோணிதான். வடக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்த தோணி. இதுவரை எத்தனையோ முறை பார்த்திருப்பேன். நாலாம் பிறையைப் பார்க்கக்கூடாது என்று அம்மா சொன்னதுகூட நினைவிருக்கிறது. ஆனால் எப்படிக் கிடக்கிறது என்று கவனித்ததில்லை. தேர்வில் புத்தகப் படத்தை வரை, அடியில் "வடக்கு நாடுகளில் தெரியும் தோற்றம்" என்று எழுது என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் கிடைக்குமா என்பது பிறகு தெரியும்.

அவன் வேறொன்றைக் கண்டான். தோணிக்குள் மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிகிறது என்றான். எனக்கும் தெரிந்தது. அது கண்மயக்கமா?

இயற்பியல்வாத்தி எழுதியது:

மயக்கம் இல்லை. அது பூமியின் ஒளி. நம் அமாவாசை நாளில் நிலவில் நின்று பார்ப்பவருக்குப் பூமி பௌர்ணமியாக இருக்கும். மூன்றாம் பிறையன்றும் ஏறக்குறைய முழுப் பூமிதான். சூரிய ஒளி பூமியில் பட்டு, நிலவின் இருண்ட பக்கத்துக்குப் போய், மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது. பூமியின் நிழலால் நிலவு தேய்கிறது என்று இனி யாராவது உங்கள் மகனிடம் சொன்னால், நிழல் இருக்க வேண்டிய இடத்தில் பூமியின் வெளிச்சத்தைக் கண்டதாக அவன் சொல்லலாம். இன்று மாலையும் தெரியும். நாலாம் பிறை என்பதால் அம்மாவிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.